நுரை தானே நின்றது

ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில், குளிர் வெளியேறாமல் இருக்கக் கதவுகளுக்குள் நுரை நிரப்புவது பூங்காவனத்தின் வேலை. குழாயைத் துளையில் செருகி, விசையை அழுத்தி, மனதுக்குள் எண்ண வேண்டும். ஓர் எண் கூடினால் நுரை பொங்கிக் கதவு உப்பிவிடும். குறைந்தால் உள்ளே வெற்றிடம் விழும். பக்கத்தில் நின்று கதவுகளைத் துடைக்கும் நசீமா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், “சாப்ட்டீங்களாக்கா?” என்று கேட்டாள். எண்ணிக்கை தவறி, கதவு பிளந்துகொண்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்தார். அதன்பிறகு பூங்காவனம் வேலை நேரத்தில் வாய் திறக்கவில்லை. அழுத்தக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பல வருஷம் கழித்துப் புது இயந்திரம் வந்தது. கதவை எடுத்து வைப்பது மட்டும்தான் இனி அவள் வேலை என்றார்கள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய கதவுகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு சின்னக் கதவை வைத்துப் பார்த்தாள். இயந்திரம் ஒரு கணம் நிதானித்தது. பிறகு அதற்கு வேண்டியதை மட்டும் ஊற்றிவிட்டு, தானே நின்றது. நுரை இறுகியதும் கதவு முழுக்க விரலால் தட்டினாள். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.

“எம்மாடி, என்ன கை இதுக்கு!”

அவள் குரலைக் கேட்டு வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த கதவுக்கு அவள் மனம் பழக்கத்தில் எண்ணத் தொடங்கியது. பாதியில் விட்டுவிட்டாள். நுரை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

பூங்காவனம் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். “நசீமா, உனக்கு எந்த ஊரும்மா?”

நசீமா துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.