வெறுங்கால்

காலையிலிருந்து அவள் வாசலில் நிற்கிறாள். ஓவியர் கதவைத் திறக்கவில்லை.

படம் வரையும் அந்த அறைக்கு ஒரே ஒரு கதவுதான்.

உள்ளே, படச்சட்டத்துக்குள் லெயோனி நின்றிருந்தாள். எட்டு வயது. இடுப்பில் சுள்ளிக்கட்டு. கன்னத்தில் குழி. பனியில் வெறுங்கால்.

படம் வாங்கும் பாரிஸ் வியாபாரி இப்படித்தான் கேட்டிருந்தார். கிராமம், ஏழைக் குழந்தை, ஒரு சின்னச் சிரிப்பு.

டிசம்பரில் நான்கு நாள் அவளை இந்தக் கல்தரையில் நிறுத்தி வரைந்தார். குளிரில் ஏறிய கால்விரல்களின் சிவப்பு மங்கிவிடக் கூடாதென்று அடுப்பு மூட்டவில்லை.

ஜனவரியில் இருமல் கண்டு இறந்துபோனாள்.

வாசலில் நிற்பது அவளைப் பெற்றவள், தெல்ஃபீன்.

படத்தை ஏற்றிப்போக மதியம் வண்டி வந்துவிடும். அதற்குமேல் கதவைச் சாத்தி வைக்க முடியாது. தாழ்ப்பாளை நீக்கினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே படத்தின் முன்னால் போய் நின்றாள்.

திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"காலுக்கு ஏதாவது போட்டுவிடுங்க ஐயா. குளிருமில்ல."

தூரிகையை எடுத்தார். ஒரு ஜோடி மரக்காலணி. ஒன்று சற்றே பெரிதாகிவிட்டது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து, சாயத்தோடு சேர்த்து, முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

வண்டியோடு வியாபாரியின் ஆளும் வந்தான். குனிந்து பார்த்தான்.

"வெறுங்கால்னுதானே பேச்சு?"

சாயம் இன்னும் ஈரம். டர்பன்டைன் எண்ணெய் தொட்ட துணியால் அவரே துடைத்தார். இரண்டு இழுப்பு.

பத்து விரல்களும் அப்படியே இருந்தன.

இதேபோல இன்னும் இரண்டு வேண்டும் என்றான் அவன். அவர் தலையாட்டினார். தலையாட்டிய பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் தெல்ஃபீன் வந்தாள். அவள் பாவாடையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. லெயோனியின் தங்கை.

"இன்னும் ரெண்டு படம் கேட்டிருக்காங்களாமே. வேற யாருன்னா யோசிச்சிருப்பேன். உங்களை நம்பி விடலாம் ஐயா."

சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டாள்.

வேண்டாம் என்று கூப்பிட வாசல்வரை ஓடினார். படியிலேயே நின்றுவிட்டார். அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தாள்.

திரும்பினார்.

சிறுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலே காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.