உள்ளங்கால்

பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த பூங்கோதையின் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, சில மாதங்களில் ஓரம் கலைந்து பரவியது.

“உள்ளங்கால் மச்சம் ராசிடி, வெளிநாடு போவே” என்றாள் மாமியார். “நம்ம கறுப்புத் தோலுக்குப் புற்றுநோயா? அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது” என்று கணவன் சிரித்தான். டாக்டரும் குனிந்து பார்க்காமலே, “வெயில் படாத இடம்மா, பயப்படாதீங்க” என்று களிம்பு எழுதினார்.

பூங்கோதை செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலைத் தூக்கி அவர் மேசையில், மருந்துச் சீட்டின் மேலேயே வைத்தாள்.

“கொஞ்சம் வெட்டியெடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க. அனுப்பறேன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்க மாட்டேன்.”

தோல் புற்றுநோய் என்றே முடிவு வந்தது. நல்லவேளை, இன்னும் ஆழமாக இறங்கவில்லை. அந்த இடத்தை வெட்டியெடுத்து, தொடைத்தோலை ஒட்டினார்கள்.

வார்டில் பார்க்க வந்த ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை. “முதல்ல காலைக் காட்டுங்க” என்றாள். மாமியார் முணுமுணுத்தபடி காட்டினாள். கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டே காட்டினான். விரலிடுக்குகளைக்கூட விரித்துப் பார்த்தாள்.

கடைசியாக அந்த டாக்டர் வந்து கட்டிலருகே தயங்கி நின்றார். “மன்னிச்சிடுங்கம்மா…”

“அதெல்லாம் அப்புறம். ஷூவைக் கழட்டுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.