பேச்சுப் போட்டியில் முதல் பரிசு

புதுக் குடையைத் தடி மாதிரி பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார் வேல்பாண்டி. மறு கையில் புதுப் பள்ளிக்கூடப் பை. இரண்டையும் மேசையில் வைத்த வேகத்தில் பரிபூரணம் டீச்சரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது.

“இத யாரு டீச்சர் எம்பிள்ளைக்குக் குடுத்தது?”

அவர் முதுகுக்குப் பின்னால் மகள் வெங்கடேஸ்வரி நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற பிள்ளை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பாரூக் பாயும் ராஜபாளையம் வியாபாரிகள் சிலரும் நடத்துகிற மாணவர் நல நிதியில் வந்த பொருள்கள் அவை. பை, குடை, செருப்பு, சோப்பு. மழை பிடித்தால் வெங்கடேஸ்வரி பள்ளிக்கூடம் வருவதில்லை என்று டீச்சர்தான் அவள் பெயரைச் சொல்லியிருந்தார்.

“இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்ததுன்னு தெருவுல பேசுதாக. தளவாய்புரத்துல நைட்டி தச்சுத்தான் பொழைக்கேன். ஆனா சும்மா தந்தா வாங்குத வீடு இல்ல எங்க வீடு. எடுத்து வையுங்க.”

வெங்கடேஸ்வரியின் கண் குடையை விட்டு அசையவில்லை. அதைப் பார்த்ததும், இத்தனை வருஷ சர்வீஸில் வராத பொய் ஒன்று டீச்சர் வாயில் சரளமாக வந்தது.

“யாரு அண்ணாச்சி சும்மா குடுத்தது? பரிசுல்லா! பேச்சுப் போட்டியில உங்க மகதான் ஃபர்ஸ்ட்டு!”

வேல்பாண்டி திரும்பி மகளைப் பார்த்தார்.

“பேச்சுப் போட்டியிலயா?”

“ஆமா.”

“இவளா?”

“மைக்க விடவே மாட்டேன்னுட்டா!” டீச்சர் பின்வாங்கவில்லை. வெங்கடேஸ்வரி தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டி வைத்தாள்.

வேல்பாண்டியின் மீசை விரிந்தது.

“ஏட்டி, வீட்டுல ஒரு வார்த்த சொல்லலியே! செயிச்சத எப்படி விட?” பையை மகள் தோளில் மாட்டிக் குடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்த்த டீக்கடையில் அவர் பெருமையடிப்பது அறைவரைக்கும் கேட்டது.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மாதா படத்திடம் டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கையோடு பாரூக் பாய்க்கு போன் போட்டார்.

“பாய், நம்ம நிதியில ஒரு பேச்சுப் போட்டி உண்டு.”

“நடந்திருச்சா, இனிமேத்தானா?”

“பரிசு குடுத்தாச்சு. போட்டிதான் பாக்கி.”

அடுத்த வாரம் முழுக்க மழை. வெங்கடேஸ்வரி ஒருநாள் தவறாமல் குடையும் கையுமாக வந்தாள். சனிக்கிழமை வேல்பாண்டியும் வந்தார். அவர் கையில் குடை இருக்கிறதா என்றுதான் டீச்சர் முதலில் பார்த்தார்.

“நிதியில யூனிபாரம் துணி எடுத்திருக்கியளாம். தைக்கக் கூலிக்கு வழியில்லாம கெடக்குன்னு கேள்விப்பட்டேன். நான் தச்சுத் தாரேன். கூலி ஒண்ணும் வேண்டாம்.”

“ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி,” என்ற டீச்சர், அடுத்த நிமிஷமே இழுத்தார். “ஆனா... சில வீட்டுல இத வாங்கிக்கிட மாட்டாகளே?”

வேல்பாண்டி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கென்ன டீச்சர், ஏதாச்சும் போட்டி வச்சதாச் சொல்லிருவோம்.”