ஞாயிற்றுக்கிழமை விசேஷங்கள்

அம்சவல்லிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள், மாமியார் கிளியம்மாளின் சொந்தத்தில் நான்கு பேர் செத்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் வயசுக்கு வந்துவிட்டார்கள். மூன்று வளைகாப்பு நடந்துவிட்டது.

எல்லாமே ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு விடிந்தால் போதும். கிளியம்மாள் குளித்து, நல்ல புடவையாகக் கட்டி, ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, புருஷன் கோதண்டத்தையும் கிளப்பிவிடுவாள். துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் மருமகள் தலையில். அவர்கள் திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். மழை கொட்டிய வாரத்தில்கூட குடையை விரித்துக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். நனைந்து வந்து கோதண்டம் மூன்று நாள் இருமினார்.

போன வாரம் செத்துப்போன படப்பைப் பெரியப்பா, புரட்டாசியிலும் ஒருமுறை செத்திருந்தார். அதை அம்சவல்லி கவனித்து வைத்திருந்தாள்.

புருஷன் இராமச்சந்திரனிடம் சொன்னாள். அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஸ்கூட்டர் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரத்தில் ஆறு நாள் லைனில் நின்று வருகிறவனுக்கு, ஏழாவது நாள் அம்மாவிடம் சண்டை போடத் தெம்பு இல்லை. அம்மா அப்படித்தான், கண்டுக்காதே என்றான்.

அதையும் காதோடு காதாகத்தான் சொன்னான். குன்றத்தூரில் அவர்களுடையது ஒரே அறை வீடு. நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கோதண்டம் ஒரு இருமல் இருமினால், இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

மாமியார் ஊர் சுற்றுவதைக்கூட அம்சவல்லி பொறுத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று போடுகிற உத்தரவுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வூட்டப் பூட்டிகினு ரெண்டு பேரும் எங்கயும் போய்டாதீங்க. வூட்லயே இருங்க. நாங்க வர சாயங்காலம் ஆவும்."

வாரம் தவறாமல் இதே பாட்டு. ஊரெல்லாம் அவர்கள் சுற்றுவார்களாம், நாம் வாட்ச்மேன் மாதிரி வீட்டைக் காக்க வேண்டுமாம் என்று அம்சவல்லி புகைந்தாள்.

அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தம் என்றாள் கிளியம்மாள். இருவரும் தெருமுனை திரும்பியதும் அம்சவல்லி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். இன்றைக்கு நானும் வெளியே போகப்போகிறேன், வந்தால் வா என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக் கடல் மாதிரி நிற்கிறதென்று கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் பேசிக்கொள்வதாக அவனே சொல்லியிருந்தான். மெட்ராஸிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருந்துகொண்டு அவள் இன்னும் பார்த்ததில்லை.

இராமச்சந்திரன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

ஏரி நிஜமாகவே கடல் மாதிரிதான் இருந்தது. கரை முழுக்க ஜனம், சுண்டல், ஐஸ் வண்டி. காற்றில் அவள் முந்தானை அவன் முகத்தில் அடித்தது. அவன் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய சிரிப்புச் சத்தத்தை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டத்தை விட்டு விலகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கரைமேல் வெகுதூரம் நடந்தார்கள்.

ஒரு பனைமரத்தடியில், விரித்த குடைக்குக் கீழே இரண்டு பேர். ஆண் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். பெண் ஒயர்கூடையிலிருந்து புளிச்சோறு எடுத்து இலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இராமச்சந்திரன் சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பப் பார்த்தான். அம்சவல்லி விடவில்லை. நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"அத்தை, மணிமங்கலத்துல நிச்சயம் முடிஞ்சிடுச்சா?"

கிளியம்மாளின் கை சோற்றோடு அப்படியே நின்றது. ஒரு நிமிஷத்தில் சமாளித்துக்கொண்டு மகன்மேல் பாய்ந்தாள். வீட்டிலேயே இருங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேனே, யாரைக் கேட்டு இங்கே வந்தீர்கள் என்றாள்.

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அம்சவல்லிக்கு வெளியே வந்துவிட்டது. சாவு என்றும் வளைகாப்பு என்றும் பொய் சொல்லிவிட்டு, வாராவாரம் இங்கே வந்து காற்று வாங்குகிறீர்கள். எங்களை மட்டும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்கிறீர்கள். நாங்கள் என்ன வேலைக்காரர்களா?  இராமச்சந்திரன் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதிலுக்குப் பதில் கொடுக்கிற கிளியம்மாள் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாளோ என்று அம்சவல்லிக்குச் சந்தேகமாக இருந்தது. கிளியம்மாள் தன் புருஷனை முழங்கையால் இடித்து, "நீயே சொல்லு" என்றாள்.

கோதண்டம் துண்டை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரே ரூம் வூடு. புதுசா கட்டிகினதுங்க வாரத்துல ஒரு நாளாச்சும் தனியா இருக்கட்டும்னு, பத்து வாரமா உன் மாமியா என்னை இட்டாந்து இங்க குந்த வெச்சிகினு கீறாம்மா. நீங்க இன்னாடான்னா அந்த வூட்டப் பூட்டிகினு இங்கயே வந்து நிக்கிறீங்க. சாவியக் குடு, நானாவது போய்த் தூங்கறேன்."