பொன்னாடைக்குப் பின்னால்

பேராசிரியர் கோதண்டபாணி ஒரு வாரமாக உட்காரவே இல்லை. மூலத் தொல்லை என்றார். மனைவி சுலோசனா நம்பவில்லை. வால் முளைக்க வைக்கும் மரபணு மனிதனுக்குள் இன்னும் இருக்கிறது, ஒரு புரதம்தான் அதை எழும்பவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அந்தப் புரதத்தைச் செயலிழக்க வைக்கும் மருந்தை எலிக்குத்தான் போட்டேன் என்று சொல்லியிருந்தார். எந்த எலிக்கு என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம்.

பாராட்டு விழாவிலும் நாற்காலியைத் தொடாமல் நின்றார். தோளில் போர்த்திய பொன்னாடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்ன பணிவு பாருங்க!" என்று தாளாளர் மைக்கில் உருகினார். "நம்ம ஐயா மாதிரி ஒரு மூளை இனிமே பிறக்கப்போறதில்ல!"

பொன்னாடையின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. கைதட்டல் கூடக் கூட ஆட்டமும் கூடியது. மேடையின் பக்கவாட்டில் இருந்த சுலோசனாவுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. போட்டோக்காரர் வேறு மெல்லப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். அவள் பதறிப்போய் விழா அமைப்பாளரிடம் ஓடினாள்.

"தம்பி, புகழ்ந்தது போதும்ப்பா, முடிச்சிடச் சொல்லுங்க!"

"அதெப்படி மேடம்? துணைவேந்தர் இப்பதானே மைக்கப் பிடிக்கிறாரு!"