டகோட்டாவின் மூக்கு

"இன்னுமா மூக்கைத் தேய்ச்சுட்டு இருக்கே?"

ரோலண்டுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கண்காட்சி நெருங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்தில், மாதிரி விமானம் செய்பவர்கள் சங்கத்தில் எல்லோரும் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மெர்வின் மட்டும் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

இருவரும் வாங்கியது ஒரே வகைப் பெட்டி. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டினால் டகோட்டா விமானம். தயாரித்த புண்ணியவான் மூக்கை மட்டும் ஜலதோஷம் பிடித்த மாதிரி வீங்க வைத்துவிட்டான்.

"வெள்ளை அடிச்சு, நீலக் கோடு போட்டுட்டா மூக்கு தடியா ஒல்லியான்னு எவனுக்குப்பா தெரியப் போகுது? நான் அப்படித்தான் முடிச்சேன்."

"க்ளெனிஸுக்குத் தெரியும்."

க்ளெனிஸ், மெர்வினின் மனைவி. ரோலண்ட் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. ஆனால் வாராவாரம் அவளுடைய தீர்ப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மூக்கு தடிப்பு என்றாள். மெர்வின் தேய்த்தார். இப்போது ரொம்பக் கூர் என்றாள். பட்டிப் பசை வைத்து நிரப்பி மறுபடி தேய்த்தார். விமானி அறைக் கண்ணாடிக்குக் கீழே இறக்கம் சரியில்லை என்றாள். தேய்த்த தேய்ப்பில் பிளாஸ்டிக்கிலேயே ஓட்டை விழுந்தது. உள்ளே துண்டு வைத்து ஒட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார் மனிதர்.

"வீட்டுல இருக்கிறது பொண்டாட்டியா, இன்ஸ்பெக்டரா? அவ்வளவு கூர்மையான கண்ணா அவங்களுக்கு?"

மெர்வின் ஊதித் தூசியைத் தட்டினார். "அவகிட்ட ஏமாத்த முடியாது. சரின்னு அவ வாயால சொல்லணும். அதுவரைக்கும் விடமாட்டேன்."

"பெயிண்ட் அடிக்காததைப் போட்டியில சேர்க்க மாட்டோம். செயலாளரா சொல்றேன்."

"சேர்க்காதே போ."

இந்தத் திமிருக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று ரோலண்ட் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

கண்காட்சியில் கேடயம் ரோலண்டுக்கே கிடைத்தது. பளபளவென்று நின்ற அவருடைய டகோட்டாவைப் பார்த்து நடுவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஓரத்து மேஜையில் மெர்வினின் விமானம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் திட்டுத் திட்டாகப் பட்டிப் பசை. இதை ஏன்தான் கொண்டுவந்தாரோ என்று ரோலண்டுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

லாமிங்டன் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு திரும்பியவர் பதறிப்போனார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மெர்வினின் விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள்! 'தொடாதீர்கள்' என்று ஒவ்வொரு மேஜையிலும் அவரே எழுதி வைத்த அட்டை இருக்கிறது.

"தொடாதீங்கம்மா! போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியலையே" என்று சிரித்தாள் அவள்.

அப்போதுதான் மெர்வின் கையில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை ரோலண்ட் பார்த்தார்.

"இவதான் க்ளெனிஸ்" என்றார் மெர்வின். "இந்த ஊர் ஏர்போர்ட்ல டகோட்டாவுக்கு மெக்கானிக்கா இருந்தா. சர்க்கரை வந்து கண்ணை எடுத்துடுச்சு. நேத்து ராத்திரிதான் மூக்கை முடிச்சேன். இன்னும் காட்டலை."

க்ளெனிஸின் விரல்கள் வாலிலிருந்து மெல்ல முன்னால் வந்தன. கண்ணாடியைத் தாண்டி, இறக்கத்தில் வழுக்கி, மூக்கு நுனியில் நின்றன. மறுபடி தடவினாள். மெர்வின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதான்! இதே மூக்குதான், மெர்வ்! ஏணி போட்டு ஏறித் தினம் துடைப்பேன், இதே மூக்கு." அவள் கன்னம் நனைந்திருந்தது. விமானத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ரோலண்ட் தன் மேஜைக்குப் போனார். 'தொடாதீர்கள்' அட்டையைக் கவிழ்த்துவிட்டு, கேடயம் வாங்கிய விமானத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் விரல் ஒரே ஒரு தடவைதான் ஓடியது.

"இது யார் செஞ்சது? மூக்கு தடிப்பா இருக்கே."

"நான்தாங்க" என்றார் ரோலண்ட். "கண்ணு இருக்கிறவங்களுக்காகச் செஞ்சது."