டிஷ்ஷுக்கு அடியில் ஒரு டம்ளர்

காற்றில் டிஷ் திரும்பிக்கொண்டதும் டிவியில் படம் போய், எந்த நாட்டுடையதோ ஒரு வானொலி மட்டும் கேட்டது. பாஷை பிடிபடாவிட்டாலும், செய்தி வாசிப்பவளின் இருமல் செண்பகவல்லிக்குப் புரிந்தது. “பாவம், லீவு கேட்டாலும் குடுக்க மாட்டாவ போல.” டிஷ்ஷைச் சரிசெய்யக் கிளம்பிய கணவன் இசக்கிமுத்துவை மறித்தாள். “அவளுக்கு இருமல் நிக்கட்டும், பொறவு திருப்பலாம்.” இருமல் நாளுக்கு நாள் முற்றியது. ஒருநாள் சுக்குக் கஷாயம் வைத்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், டிஷ்ஷுக்கு அடியில் சுடச்சுட வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் டம்ளர் காலி. “ஆறிப்போவுதேன்னு நாந்தான் குடிச்சேன்” என்றான் இசக்கிமுத்து. அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மறுநாள் செய்தி முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. இசக்கிமுத்துதான் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினான். கேட்டுக்கொண்டே, தன் தொண்டையை மெல்லத் தடவிப் பார்த்தான்.